பத்தொன்பது கோபுரங்களும் ஒரு காலி டாங்கியும்

கனடாவுக்குப் போகிறவர்கள் நயாகரா பார்ப்பார்கள். பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டுக்கொண்டு நனைவார்கள். ஊருக்குத் திரும்பி வந்து, பார்க்க வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்து போட்டோ காட்டுவார்கள். நான் பார்க்கப் போனது கரண்ட் கம்பம்.

"லீவு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன் மாமா... ஆனா கரண்ட் கம்பத்தைப் பார்க்கவா?" என்றான் அக்கா மகன். அவனுக்கு வின்னிபெக்கில், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம்.

"கம்பமும் உண்டு, ஏரோப்ளேனும் உண்டு. சாயங்காலம் ஏரிக்கரையில் மீன் வாங்கித் தரேன்" என்றதும் சாவியை எடுத்துவிட்டான்.

வின்னிபெக், மானிட்டோபா மாகாணத்தின் தலைநகரம். ஊர் எல்லையைத் தாண்டினால் பூமி தட்டை. தட்டை என்றால், தோசைக்கல் தட்டை. வீட்டு நாய் ஓடிப் போனால் மூன்று நாளைக்கு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அந்தச் சமவெளிக்காரர்களே ஜோக் அடிப்பார்கள். வடமேற்கே 6-ம் நம்பர் நெடுஞ்சாலையில் அரை மணி போனால் க்ரோஸ் ஐல் என்று ஒரு குட்டியூண்டு ஊர். பிரெஞ்சில் 'பெரிய தீவு' என்று அர்த்தமாம். சுற்றிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கோதுமைதான் கடல். அந்தக் கடலில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, இரண்டு வரிசையாக இரும்புக் கோபுரங்கள் நடந்து வருகின்றன.

எங்கிருந்து வருகின்றன? வடக்கே ஏறக்குறைய 900 கி.மீ. தள்ளி, நெல்ஸன் ஆற்றிலிருந்து. கெட்டில், லாங் ஸ்ப்ரூஸ், லைம்ஸ்டோன் என்று வரிசையாக அணைகள். அங்கே ஜனம் இல்லை, ஆற்றில் தண்ணீர் மட்டும் உண்டு. தெற்கே ஜனம் உண்டு, குளிர் உண்டு. அதனால் அங்கே தயாரித்து இங்கே அனுப்புகிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு நம் வீட்டுக்கு வருகிற ஏ.ஸி. சரிப்படாது என்று டி.ஸி. கரண்டாக மாற்றி அனுப்பி, வின்னிபெக் ஓரத்தில் டார்ஸி என்கிற ஸ்டேஷனில் மறுபடி ஏ.ஸி. ஆக்குகிறார்கள்.

இந்த லைனுக்கு 'பைபோல்' என்று பெயர். ஒரு கம்பி ப்ளஸ், ஒரு கம்பி மைனஸ். ஒன்று படுத்துவிட்டால், மற்றொன்றை வைத்துக்கொண்டு பூமி வழியாகவே கரண்டைத் திருப்பி, பாதி சக்தியாவது அனுப்பலாம். இது முதல் ஸ்பேர். மொத்த லைனுமே போய்விட்டால்? அதற்குத்தான் பக்கத்திலேயே பைபோல் 2. இது இரண்டாவது ஸ்பேர். 1972-ல் முதல் லைன் வந்தது. அடுத்தது அதற்குப் பின்னால் படிப்படியாக வந்தது. மாகாணத்து மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதத்துக்கு மேல் இந்த இரண்டு லைன்கள் வழியாகத்தான் தெற்கே வந்தது. இன்ஜினீயர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

1996 செப்டம்பர் 5. இங்கே, இந்த க்ரோஸ் ஐல் பக்கத்தில் ஒரு காற்று. புயல் மாதிரி சுற்றிச் சுழன்று வருவது இல்லை இது. இடிமேகத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். மேலேயிருந்து ஒரு அண்டா காற்றைக் கவிழ்த்த மாதிரி. சில நிமிஷம்தான். முடிந்தபோது 19 கோபுரங்கள் தரையில் கிடந்தன. ஒரு லைனில் அல்ல, இரண்டிலும். காற்றுக்கு பைபோல் 1 எது, பைபோல் 2 எது என்று தெரியாது. இரண்டும் ஒரே நிலத்துண்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"எங்க ஆபீஸ்ல இதை ஈஸியா சொல்லிடுவோம் மாமா" என்றான் அவன். "புருஷனுக்கு நாமினி பொண்டாட்டி, பொண்டாட்டிக்கு நாமினி புருஷன். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல போனா எப்படி?"

எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

ஏன் பக்கத்தில் வைத்தார்கள் என்றால், முட்டாள்தனத்தால் இல்லை. ஒரு முறை காடு வெட்டினால் போதும். ஒரே பாதை, ஒரே ஜீப், ஒரே நிலப் பேரம். கணக்குப் பிள்ளை யாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். 900 கி.மீ. லைனில் இரண்டும் சேர்ந்து விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்டால், காகிதத்தில் மிகச் சின்ன எண்தான் வரும். அந்தச் சின்ன எண், இரண்டு லைனும் தனித்தனியாக விழும் என்று வைத்துக்கொண்டு போட்ட பெருக்கல். ஒரே காற்று இரண்டையும் தொடும் என்றால் அங்கே பெருக்கலுக்கே வேலையில்லை.

அன்றைக்கு மானிட்டோபா தப்பித்ததற்குக் காரணம் தெற்குப் பக்கம். வழக்கமாக அமெரிக்காவுக்கு மின்சாரம் விற்கிறவர்கள், அந்தச் சில நாட்கள் அதே கம்பி வழியாக வாங்கினார்கள். ஜனங்களைப் பார்த்து, தயவுசெய்து விளக்கை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மாதம் செப்டம்பர். ஹீட்டரும் வேண்டாம், ஏ.ஸி.யும் வேண்டாம். இதே காரியம் ஜனவரியில் நடந்திருந்தால்? மைனஸ் 30 டிகிரியில் வீட்டுக் குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். அங்கே கரண்ட் கட் என்பது விசிறிமட்டையைத் தேடுகிற விஷயம் இல்லை, உயிர்ப் பிரச்னை.

அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு லைன் வேண்டும் என்று முடிவு செய்து, எந்த வழியாகப் போவது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். வின்னிபெக் ஏரிக்குக் கிழக்கே போனால் தூரம் குறைவு, செலவு குறைவு. ஆனால் அது வெட்டப்படாத பெருங்காடு. கடைசியில் மேற்கே சுற்றிக்கொண்டு 1,300 கி.மீ.க்கு மேல் இழுத்தார்கள். 2018 ஜூலையில்தான் பைபோல் 3 வேலைக்கு வந்தது. செலவு ஏறக்குறைய 500 கோடி கனடா டாலர். முடிகிற இடமும் டார்ஸி இல்லை. நகரத்துக்குக் கிழக்கே ரியல் என்று புதிதாக ஒரு ஸ்டேஷன். டார்ஸியே போனாலும் இது நிற்க வேண்டும் என்று கணக்கு.

மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான். சுற்றிப் போனதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கட்சி வேறு. 'எதுவும் நடக்கவில்லை' என்பதற்காக 500 கோடி செலவழிப்பது எந்த ஊரிலும் ஓட்டு வாங்கித் தராது. அதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

* * *

ஸ்டோன்வால் வழியாகக் குறுக்கே வெட்டி, வடக்கே திரும்பினோம். கிம்லி. வின்னிபெக்கிலிருந்து நேரே வந்தால் 90 கி.மீ. இருக்கும். 1875-ல் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள் ஏரிக்கரையில் அமைத்த ஊர். அவர்கள் புராணத்தில் கிம்லி என்பது கிட்டத்தட்ட சொர்க்கம். ஏரியைப் பார்த்தபடி பெரிய வைகிங் சிலை ஒன்று கொம்பு வைத்த தொப்பியோடு நிற்கிறது. க்ரவுன் ராயல் விஸ்கி இந்த ஊரில்தான் காய்ச்சுகிறார்கள் என்கிற தகவலை மட்டும் அக்கா மகன் கேட்காமலே சொன்னான்.

ஊருக்கு வெளியே பழைய விமானப்படைத் தளம். 1971-ல் மூடிவிட்டார்கள். இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றைச் சின்ன விமானங்களுக்கு விட்டுவிட்டு, மற்றதில் கார் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். நடுவில் இரும்புத் தடுப்பு வேலி எல்லாம் போட்டு.

1983 ஜூலை 23, சனிக்கிழமை. ரேஸ் முடிந்த நேரம். கார்க்காரர்கள் குடும்பத்தோடு கூடாரம் அடித்து, பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு போயிங் 767 வந்து இறங்கியது.

சத்தமில்லாததற்குக் காரணம், இன்ஜின் இரண்டும் நின்றுபோயிருந்தன. டாங்கியில் சொட்டு எண்ணெய் கிடையாது. உள்ளே 61 பயணிகள், 8 சிப்பந்திகள்.

ஏர் கனடா 143. மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகிற விமானம். புத்தம் புது மாடல். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்க நம் ஊர் மினி பஸ்ஸா என்ன? எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த ஊருக்கு நான் வந்ததே அதற்காகத்தான்.

எரிபொருள் எவ்வளவு என்று காட்டுகிற கருவிக்கு அந்த விமானத்தில் இரண்டு சானல்கள். ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு ஒரு சானலில் ஒரே ஒரு சால்டரிங் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் அந்தச் சானல் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. இழுத்துக்கொண்டு கிடந்தது. முழுக்கச் செத்திருந்தால் மற்றது உடனே பொறுப்பு ஏற்றிருக்கும். பாதி உயிரோடு இருந்ததால் "பெரியவர் இன்னும் இருக்கிறாரே" என்று அடுத்தவர் சும்மா இருந்துவிட்டார். விளைவு, மீட்டர் மொத்தமும் இருட்டு. நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்.

முந்தைய இரவு எட்மன்டனில் ஒரு மெக்கானிக் இதைக் கண்டுபிடித்து, அந்தக் கோளாறுள்ள சானலின் ஸர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, அதாவது கருணைக்கொலை செய்துவிட்டு, மற்றதை வேலை செய்ய வைத்தார். மான்ட்ரியாலில் வேறொருவர் சோதிப்பதற்காக அதே பிரேக்கரைத் திரும்ப அழுத்தினார். நடுவில் வேறு வேலை வந்து, அப்படியே விட்டுவிட்டுப் போனார். மீட்டர் மறுபடி இருட்டு.

பரவாயில்லை, மீட்டர் இல்லாவிட்டால் அளவுக்குச்சி இருக்கிறது. லாரிக்காரர்கள் டாங்கியில் குச்சி விட்டுப் பார்க்கிற மாதிரி விமானத்திலும் உண்டு. பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டும். ஒரு லிட்டர் எரிபொருள் 0.803 கிலோ. ஆனால் அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அது பவுண்டுக் கணக்கு! ஏர் கனடாவில் மற்ற விமானங்கள் எல்லாம் பவுண்டு, இந்தப் புது 767 மட்டும் கிலோ. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி, 13,597 'கிலோ' இருக்கிறது, கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று 4,917 லிட்டர் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். விமானம் கிளம்பியபோது தேவையில் பாதிகூட இல்லை.

முன்னெல்லாம் காக்பிட்டில் மூன்றாவதாக ஒரு ஃப்ளைட் இன்ஜினீயர் உட்கார்ந்திருப்பார். இந்தக் கணக்கு அவர் பொறுப்பு. 767-ல் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சரி, கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கக் கூடாதா? அதற்கு 22,300 என்று இவர்களே கையால் தட்டிக் கொடுத்தார்கள். அது சமர்த்தாக அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒட்டாவாவில் இறங்கியபோது ஜாக்கிரதையாக இன்னொரு தடவை குச்சி விட்டு அளந்தார்கள். எதால் பெருக்கினார்கள்? அதே 1.77!

"மாமா, நாலு தடவை செக் பண்ணியிருக்காங்க!" என்றான் அக்கா மகன்.

நாலு தடவை இல்லை. ஒரே தப்பை நாலு பேனாவில் எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு லைன்களும் ஒரே நிலத்தில் நின்ற மாதிரி, இந்தச் சரிபார்ப்பு எல்லாமே ஒரே எண்ணின் மேல் நின்றன.

41,000 அடி உயரத்தில் பம்ப் எச்சரிக்கை மணி அடித்தது. வின்னிபெக்குக்குத் திருப்பினார்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு இன்ஜின் நின்றது. சற்று நேரத்தில் மற்றது. காக்பிட்டின் புது மோஸ்தர் டி.வி. திரைகள் அணைந்தன. இன்ஜின் ஓடினால்தான் மின்சாரம். வாலில் அவசரத்துக்கு ஒரு குட்டி இன்ஜின் உண்டு. ஆனால் அதுவும் குடிப்பது அதே டாங்கியிலிருந்துதான். இதை ஸ்பேர் என்று எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில் கை கொடுத்தவை எவை என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. விமானத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி கீழே இறங்கியது. எதிர்க்காற்றில் அது சுற்றச் சுற்ற, ஹைட்ராலிக் பம்ப் ஓடி, இறக்கையை அசைக்கத் தேவையான சக்தி கிடைக்கும். அதற்கு எரிபொருள் வேண்டாம், காற்று போதும். பாட்டரியில் ஓடுகிற சில மீட்டர்களும் பழைய பாணிக் காந்தத் திசைகாட்டியும் மிச்சம். விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டர் ஊமையானபோது, வின்னிபெக் கன்ட்ரோலர்கள் பழைய மாடல் ரேடாரில் வெறும் புள்ளியைப் பார்த்துத் தூரத்தை அளந்து சொன்னார்கள்.

காப்டன் ராபர்ட் பியர்ஸன், வார இறுதிகளில் இன்ஜினே இல்லாத க்ளைடர் ஓட்டுகிறவர். துணை விமானி மாரிஸ் க்வின்டால் பேப்பரில் கணக்குப் போட்டார். இறங்குகிற வேகத்துக்கு வின்னிபெக் எட்டாது. கிம்லி எட்டும். அந்தத் தளத்தில்தான் அவர் முன்பு விமானப்படையில் வேலை பார்த்தவர். அது இப்போது ரேஸ் மைதானம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

சக்கரத்தை இறக்க ஹைட்ராலிக் போதவில்லை. கொக்கியை விடுவித்தார்கள். சக்கரங்கள் சொந்த எடையில் தொப்பென்று இறங்கின. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, முன் சக்கரம் பூட்டவில்லை. கிட்டே வந்தபோது உயரம் அதிகம். சுற்றி வர முடியாது, இன்ஜின் இருந்தால்தானே சுற்ற? பியர்ஸன் க்ளைடர் வித்தையைக் காட்டினார். ஒரு இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டார். ஒரு பக்க ஜன்னல்காரர்களுக்கு ஆகாயம், எதிர்ப்பக்கத்தாருக்கு ஒரு கோல்ஃப் மைதானம். இந்த விவகாரத்தில் ஒரு சங்கடம். வேகம் குறையக் குறைய அந்தக் காற்றாடியின் சக்தியும் குறையும். அதாவது தரை நெருங்க நெருங்க ஸ்டியரிங் இறுகும். மிக அவசியமான கடைசி நிமிஷத்தில் ஸ்பேரும் தளர்ந்து போகும். அதையும் மீறி நேராக்கி இறக்கினார்.

இரண்டு டயர் வெடித்தது. பூட்டாத முன் சக்கரம் மடங்கியது. மூக்கு தரையில் தேய்ந்து, இரும்பு வேலியை உரசி, தீப்பொறி பறக்க, ஜனங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. முன் சக்கரம் மடங்கியதும் நல்லதாகப் போயிற்று, பிரேக் மாதிரி உதவியது. மூக்கில் பிடித்த சின்னத் தீயை ரேஸ்காரர்களே தங்கள் கார் தீயணைப்பான்களோடு ஓடிவந்து அணைத்தார்கள். ஒருவரும் சாகவில்லை. மூக்கு தாழ்ந்து வால் தூக்கிக்கொண்டு நின்றதால், பின் கதவுச் சறுக்குப் பலகை செங்குத்தாகத் தொங்க, அதில் இறங்கியவர்கள் சிலருக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

விமானத்தைச் சரிசெய்ய வின்னிபெக்கிலிருந்து கிளம்பிய மெக்கானிக்குகளின் வேன், நடுவழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றது என்று இந்தக் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நான் வைத்த பெயர் இல்லை, சத்தியம்.

கம்பெனி முதலில் செய்தது தண்டனை. காப்டனுக்குப் பதவி இறக்கம், துணை விமானிக்கு சஸ்பென்ஷன், மெக்கானிக்குகளுக்கும் சஸ்பென்ஷன். பிறகு நீதிபதி லாக்வுட் தலைமையில் விசாரணை நடந்தது. பயிற்சி, விதிமுறைகள், யார் கணக்குப் போட வேண்டும் என்பதில் நிர்வாகமே வைத்திருந்த குழப்பம் எல்லாம் வெளியே வந்தன. 1985-ல் இரு விமானிகளுக்கும் சர்வதேச விமான சம்மேளனம் பட்டயம் கொடுத்துக் கௌரவித்தது. அந்த விமானம்? இரண்டு நாளில் கிம்லியிலிருந்தே பறந்து போயிற்று. 2008 ஜனவரி வரை ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.

ஊருக்குள் 2017-ல் இதற்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. எனக்கு அதைவிட அந்த ஓடுபாதைதான் பிடித்திருந்தது. தார் வெடித்து, ஓரத்தில் புல். மூடிய தளத்தை உழுது கோதுமை போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வீணாகக் கிடந்த இடம் 69 பேருக்கு உதவியது.

* * *

சாயங்காலம் சொன்னபடி மீன். பிக்கரல் என்று ஏரி மீன், மாவில் தோய்த்துப் பொரித்தது. துறைமுகப் பலகையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். வின்னிபெக் ஏரி கடல் மாதிரி, அக்கரை தெரியவில்லை.

"இந்தத் தண்ணி எங்கே போகுது மாமா?"

"வடக்கே. ஏரியிலிருந்து கிளம்புகிற ஆறுதான் நெல்ஸன். நீ காலையில் பார்த்தாயே கம்பி, அதில் வருகிற கரண்ட் இந்தத் தண்ணீர் போய்ச் சுற்றுகிற டர்பைன்தான்."

அவன் வாயில் மீனோடு கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப மூணாவது லைனும் இதே டாங்கிதானா?"

அதேதான். 500 கோடி செலவழித்து வேறு வழியாக இழுத்தாலும் மூன்று லைனும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர். 2021-ல் மழை பொய்த்து வறட்சி வந்தபோது, மின்சாரம் விற்கிற கம்பெனி வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் நஷ்டம். அதற்கு என்ன செய்யலாம் என்று அந்த ஊரில் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காற்றாலை என்கிறார் ஒருவர், காஸ் என்கிறார் மற்றொருவர்.

இருட்ட ஆரம்பித்தது. துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அக்கா மகன் இன்னொரு ப்ளேட் மீன் வாங்க எழுந்து போனான்.